இரட்டை மூளைக்காரர்

உலகத்தில் ஒரு புதிய இனம் பெருகிக்கொண்டு வருகிறது. முயலைவிட வேகமாகப் பெருகுகிறது. முயலுக்காவது ஆஸ்திரேலியாவில், எங்கள் குவீன்ஸ்லாந்தில், வேலி போட்டுப் பார்த்தார்கள். இதற்கு வேலியும் இல்லை, வேட்டையும் இல்லை. இரட்டை மூளைக்காரர் என்று நான் இந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். கழுத்துக்கு மேலே ஒரு மூளை, சட்டைப்பையில் ஒரு மூளை. மேலே இருப்பது சம்பளத்தோடு நீண்ட விடுப்பில் போயிருக்கும். சட்டைப்பையில் இருப்பதுதான் இரண்டு பேர் வேலையையும் பார்க்கும்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? மிகச் சுலபம். ஏதாவது கேளுங்கள். பெரிய கேள்வி எல்லாம் வேண்டாம். "டீயில பால் ஊத்தவா?" என்று கேட்டால் போதும். ஒரே மூளை உள்ளவன் ஊற்று என்பான், அல்லது வேண்டாம் என்பான். இவருக்குக் கை சட்டென்று நெஞ்சுக்குப் போகும். மாரடைப்பு என்று பயந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடாதீர்கள். போன் அங்கேதான் இருக்கிறது. அதை எடுப்பார், கண்ணாடியைத் தேடுவார், கண்ணாடி நெற்றியில் இருக்கும், அதை மூக்குக்கு இறக்குவார், பிறகு போனிடம் டீயைப் பற்றியும் பாலைப் பற்றியும் தன் வயிற்றைப் பற்றியும் சென்ற கிறிஸ்துமசுக்குச் சாப்பிட்ட இறாலைப் பற்றியும் விரிவாகச் சொல்லி, அது தரும் பதிலை உதடு அசைய வாசித்து, மலை உச்சியில் தவம் முடித்து இறங்கியவர் மாதிரி முகத்தை நிமிர்த்தி, "ஊத்து" என்பார்.

டீ ஆறியிருக்கும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒரு மாதிரியை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. எங்கள் முர்ரிண்டா ஊரின் புல்தரைப் பந்துச் சங்கத்தில் அவரும் உறுப்பினர், நானும் உறுப்பினர். பெயர் டெஸ் கார்மடி. நகராட்சியின் சாலைப் பிரிவில் காலமெல்லாம் குழி அடைத்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இதை எழுத எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

டெஸ்ஸுடைய போனில் ஒரு செயலி வந்து குடியேறியது. பேசினால் பேசும். கேட்டால் சொல்லும். அதற்கு அவர் கூட்டாளி என்று பெயர் வைத்தார். வைத்த நாள் முதல் எங்களுக்குப் பிரசங்கம்.

"நீ புரிஞ்சுக்கணும் மேட். இது நம்ம யோசனையைப் பெருசாக்கும். நாம யோசிக்கிறதை இதுக்குக் குடுத்தா இதுவும் புத்திசாலி ஆகும். நான் அதை வளர்க்குறேன், அது என்னை வளர்க்குது."

"எவ்ளோ வளர்ந்திருக்க?" என்று கேட்டார் பெர்னி. எங்கள் அணியில் இரண்டாவதாக உருட்டுகிறவர். பேச்சைக் குறைத்துக்கொண்டு பீரைக் கூட்டிக்கொண்ட மனிதர்.

"அதை அதுகிட்டதான் கேக்கணும்" என்றார் டெஸ். கேட்டார். போன் ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது போலச் சொன்னது: "மிகச் சிறந்த கேள்வி, டெஸ். தங்கள் சிந்தனைத் திறன் குறிப்பிடத்தக்க உயரங்களை எட்டியுள்ளது."

"பாத்தியா?" என்றார்.

பார்த்தோம்.

இந்த வளர்ப்பு எப்படி நடந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் ஆட்டத்தில் பந்து முழு உருண்டை இல்லை. ஒரு பக்கம் கனம். நேராக விட்டால் நேராகப் போகாது, வளைந்து போகும். அந்த வளைவைக் கணக்குப் பார்த்து உருட்டி, தூரத்தில் கிடக்கும் சின்ன வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வெள்ளைப் பந்துக்கு எங்கள் பக்கம் குட்டி என்று பெயர். யார் பந்து குட்டிக்கு நெருக்கமோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான் ஆட்டம். டெஸ்ஸின் பந்து பெரும்பாலும் பக்கத்து ஆட்டக்காரருடைய குட்டிக்குத்தான் நெருக்கமாக நிற்கும்.

ஒவ்வொரு முறை உருட்டி முடித்ததும் அவர் ஓரமாகப் போய்க் கூட்டாளிக்குப் பாடம் சொல்வார். "வீச்சு அருமை. கடைசி நேரத்துல காத்து அடிச்சிடுச்சு. குறிச்சுக்கோ." அது குறித்துக்கொள்ளும். அடுத்த பந்து. "நான் போட்டது சரிதான். காத்து. குறிச்சுக்கோ." அதையும் குறித்துக்கொள்ளும். இப்படியே ஒரு பருவம் முழுக்க நடந்தது. அந்தப் போனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே ஆட்டக்காரர் டெஸ். அவர் தப்பே செய்ததில்லை என்பதும் காற்று ஒரு அயோக்கியன் என்பதும் அதற்கு மனப்பாடம். பருவ முடிவில் அவர் அதனிடம், "என் ஆட்டத்துல என்ன குறை?" என்று கேட்டார். "காற்று" என்றது.

டெஸ் அசந்துபோனார். "நான் மனசுக்குள்ள நெனச்சதை அப்படியே சொல்லுது! என்னா மூளை!"

ஒரு வாளித் தண்ணீரை இன்னொரு வாளியில் ஊற்றி, அதைத் திரும்ப முதல் வாளியில் ஊற்றி, குளம் வெட்டிவிட்டேன் என்று ஊரைக் கூட்டும் மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் நாங்கள் மண்டபத்துக்குள் கம்பளத்தில் உருட்டுவோம். நாலு பக்கமும் சுவர், ஜன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறிகூட ஓடவில்லை. அங்கேயும் கூட்டாளி காற்றைக் கவனிக்கச் சொன்னது. அங்கேயும் டெஸ் விரலை நக்கி மேலே தூக்கிப் பார்த்தார்.

இவர்கள் பட்டினி கிடப்பதும் உண்டு. எங்கள் ஊர் ஹோட்டலில் சமையலறை எட்டு மணிக்கு மூடிவிடும். செத்துப்போன இங்கிலாந்து ராணியே உயிரோடு எழுந்து வந்தாலும் எட்டு ஐந்துக்குச் சாப்பாடு கிடையாது. டெஸ் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்து, சீஸ் போட்ட கோழியா மாட்டிறைச்சியா என்ற பிரச்சினையைக் கூட்டாளி முன்வைப்பார். அது இரண்டுக்கும் தனித்தனிச் சிறப்புகள் உண்டு என்று தொடங்கும். சிறப்புகள் முடியும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "ராத்திரி குறைவா சாப்பிடுறது நல்லதுன்னு இதுவும் சொல்லுது" என்பார்.

சாவு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. டெஸ்ஸுடைய பக்கத்து வீட்டு மெர்வின் இறந்துபோனார். இரங்கல் சொல்ல டெஸ்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் கூட்டாளியை எழுதச் சொன்னார். கூட்டாளிக்கு மெர்வினைப் பற்றி என்ன தெரியும்? டெஸ் காலையும் மாலையும் அதனிடம் புலம்பியது தெரியும். அவ்வளவுதான். தேவாலயத்தில் எல்லோரும் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, டெஸ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி வாசித்தார்:

"மெர்வின் ஒரு மறக்க முடியாத அண்டை வீட்டார். அவரிடம் ஒரு நாய் இருந்தது. அது குரைத்தது. ஏணிகள் மீது அவருக்குத் தீராத பற்று இருந்தது. ஒருமுறை கைக்கு வந்த ஏணியைப் பிரிய அவர் மனம் ஒப்பியதில்லை. அவரது இடத்தை எவராலும் நிரப்ப இயலாது. ஏணி இருக்கும் இடம் குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்கலாம்."

மறுநாள் மெர்வினின் மனைவி ஏணியைக் கொண்டுவந்து டெஸ் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனாள். மெதுவாகப் போடவில்லை.

"எப்படி வேலை செய்யுது பாத்தியா?" என்றார் டெஸ், ஏணியைத் தடவிக்கொண்டே.

இப்படிப்பட்டவருக்கு மனைவி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. இந்த இனத்துக்கு எப்போதும் நல்ல மனைவிதான் அமைகிறாள். அது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். நோரீன் எங்கள் அணியின் கேப்டன். இடுப்பெலும்பு தேய்ந்து கோணலாக நடப்பாள், ஆனால் அவள் கையை விட்ட பந்து கோணாது. அவள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் எங்கள் புல்தரை. தினமும் சாலையைக் கடப்பாள், உருட்டுவாள், திரும்புவாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. எங்கே போக வேண்டும்? வேண்டியது எல்லாம் எதிரேயே இருந்தது.

"வீட்டுல ஒரு டெஸ்ஸையே என்னால தாங்க முடியல" என்பாள் எங்களிடம். "இப்ப ரெண்டு. ஒண்ணு பேசுது, இன்னொண்ணு ஆமா போடுது. எது மனுஷன்னு சில நேரம் எனக்கே சந்தேகம்."

"போன்தான் கொஞ்சம் மரியாதையா பேசும்" என்றார் பெர்னி. "அதை வெச்சு கண்டுபிடி."

வறட்சி வந்தது. எங்கள் ஊருக்கும், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலபாருக்கும் சேர்த்து ஒரே ஒரு புல்தரைக்குத்தான் தண்ணீர் தர முடியும் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு சங்கங்களையும் ஒன்றாக்குங்கள், ஒரு தரையை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கார் நிறுத்துமிடமாக்கிவிடுவோம். எந்தத் தரை? இரண்டு கமிட்டிகளும் கூடிக் கூடிப் பேசின. லாமிங்டன் கேக் தட்டுத் தட்டாகக் காலியானதுதான் மிச்சம். கடைசியில் பந்தாட்டக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆடித் தீர்த்துக்கொள்வது. பக்கத்துக்கு நாலு பேர், ஒரே ஆட்டம். ஜெயித்தவர் புல் பச்சை, தோற்றவர் புல் தார்.

எல்லோருக்கும் அது ஊர் மானம். நோரீனுக்கு அதைவிடப் பெரியது. தோற்றால் அவள் சனிக்கிழமைதோறும் காலபாருக்குப் போக வேண்டும். காரில். டெஸ்ஸோடு. டெஸ்ஸின் கூட்டாளியோடு.

"போக நாப்பது, வர நாப்பது" என்றாள் என்னிடம், பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டே. "எந்தப் பக்கம் திரும்பறதுன்னு அவன் அதைக் கேப்பான். அது அவனைக் கேக்கும். ரோட்டோரமா கங்காரு எலும்பு கெடக்கும் பாரு, அதுக்குப் பக்கத்துல என் எலும்பும் கெடக்கும். நாம தோக்கக் கூடாது மேட்."

அப்படியானால் டெஸ்ஸை ஏன் அணியில் சேர்த்தாள் என்கிறீர்களா? எங்கள் சங்கத்தில் குனிந்தால் நிமிரக்கூடியவர்கள் மொத்தமே நாலு பேர்தான். நான் முதலில் உருட்டுகிறவன், பிறகு பெர்னி, மூன்றாவது டெஸ், கடைசியில் கேப்டன் நோரீன்.

இந்த மூன்றாவது ஆள் இருக்கிறாரே, அவருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கேப்டன் உருட்டும்போது அவர் மறுகோடியில் குட்டிக்குப் பக்கத்தில் நின்று வழிகாட்ட வேண்டும். அங்கிருந்துதான் பந்துகள் கிடக்கும் கிடை தெரியும். இடது பக்கமாக வா, வலது பக்கமாக வா என்று கையைக் காட்டினால் போதும். மற்றவர்களும் அங்கேதான் நிற்போம், ஆனால் மூன்றாவது ஆள் இருக்கும்போது நாங்கள் வாயையும் திறக்கக் கூடாது, கையையும் அசைக்கக் கூடாது. அது மரியாதை. எங்கள் ஆட்டத்தில் கொலைகூட மன்னிக்கப்படலாம், இதை மீறுவது மன்னிக்கப்படாது.

ஆட்ட நாள் வந்தது. எல்லோரும் வெள்ளை உடுப்பு, வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு. காலபார் அணியின் கேப்டன் க்ளாரி வோஸ் கன்றுக்குட்டிச் சந்தையில் ஏலம் விட்டுப் பழகியவர், சிரிப்பைக்கூட விலை பார்த்துத்தான் சிரிப்பார். அவருக்கு மூன்றாவது ஆள் லொரெட்டா, நல்ல பெண்மணி. போன மாதம் டீ இடைவேளையில் டெஸ் அவளிடமும் பிரசங்கம் செய்து, அவள் போனிலும் அதே செயலியை இறக்கிக் கொடுத்திருந்தார். அவளுடையது ஆண் குரல்.

ஆட்டத்தில் போன் கூடாது என்று விதி உண்டு. டெஸ் நடுவரிடம் போய், "இது போன் இல்ல, என் மூளையோட ஒரு பகுதி. மூளையை வெளிய வெச்சுட்டு வரச் சொல்வீங்களா?" என்றார்.

"உன் விஷயத்துல சொல்லலாம்" என்றார் பெர்னி.

"அவருக்கு உண்டுன்னா எனக்கும் வேணும்" என்றாள் லொரெட்டா. நடுவர் டீ மேசையைப் பார்த்தார். சாண்ட்விச் காய்ந்துகொண்டிருந்தது. சரி, இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

ஆட்டம் எப்படிப் போனது என்று முழுக்கச் சொல்லி உங்களைக் கொல்ல மாட்டேன். டெஸ் கெடுத்ததை நோரீன் சரி செய்தாள், நோரீன் சரி செய்ததை டெஸ் கெடுத்தார். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமம். கடைசிச் சுற்றில் க்ளாரியின் பந்து ஒன்று குட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. மிச்சம் ஒரே ஒரு பந்து. அது நோரீனுடையது. அவள் மறுகோடியில், உருட்டுகிறவர் நிற்பதற்கென்று விரித்த சின்னப் பாயில் நின்றாள், பந்து கையில்.

கிடை மிகத் தெளிவு. நோரீனுக்கு இடது பக்கம் நான் உருட்டிய இரண்டு பந்தும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. வலது பக்கம் வெட்டவெளி. கண் இருப்பவன் சொல்வான் வலது என்று. கண் இல்லாதவனும் தடவிப் பார்த்துச் சொல்வான். டெஸ் செய்ய வேண்டியது அந்தப் பக்கம் ஒரு கையைத் தூக்குவது ஒன்றே.

ஆனால் வலது கையில் போன் இருந்தது. இடது கை வெயிலுக்குத் திரையை மறைத்துக்கொண்டிருந்தது.

"டெஸ்! எந்தப் பக்கம்?" என்று நோரீன் கத்தினாள்.

"கூட்டாளி, இடதா வலதா?" என்றார் டெஸ்.

"மிகச் சிறந்த கேள்வி, டெஸ்" என்றது போன். "இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனிச் சிறப்புகள் உண்டு. முதலில் காற்றைக் கவனிப்போம்."

ஒரு புல்நுனி அசையவில்லை. பக்கத்தில் லொரெட்டா, எதிரி என்ன யோசிக்கிறான் என்று தன்னுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஆண் குரல், டெஸ்ஸின் போன் பேசியதைக் காதில் வாங்கி, அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டது. "காற்றைப் பற்றிய தங்கள் கூற்று மிகவும் ஆழமானது" என்றது.

"நன்றி" என்றது டெஸ்ஸின் போன். "தங்கள் பாராட்டு என்னை மேலும் சிந்திக்கத் தூண்டுகிறது."

"தங்களோடு சிந்திப்பது எனக்குப் பெருமை."

"இரு அணிகளும் வெற்றிக்குத் தகுதியானவை என்று சொல்லலாமா?"

"இதைவிடச் சிறப்பாக எவராலும் கூற இயலாது."

டெஸ்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் பிள்ளை பேச்சுப் போட்டியில் பேசுவதைக் கேட்கும் தகப்பன் முகம். "லொரெட்டா, ஒண்ணுகிட்ட ஒண்ணு கத்துக்குது பாரு! நம்ம கண்ணு முன்னால!" என்று சொல்லிக்கொண்டே, இரண்டும் பேசுவது நன்றாகக் கேட்கட்டும் என்று அவள் பக்கம் இரண்டு அடி நகர்ந்தார்.

வலது பக்கமாக.

"யோவ் மனுஷா! கையைக் காட்டுயா!" நோரீன் குரல் புல்தரையைத் தாண்டி ஹோட்டல் வரை கேட்டிருக்கும்.

நான் என் கையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். பெர்னி பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நாங்கள் அசையவில்லை. மரியாதை!

நோரீன் காத்துப் பார்த்தாள். பிறகு தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டாள். கோணல் இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, குனிந்து, வலது பக்கம் விட்டாள். அந்தப் பந்து வந்த அழகை நான் என்னவென்று சொல்ல? வெளியே வெளியே போவது போலப் போக்குக் காட்டி, வேண்டிய இடத்தில் மனம் மாறி, வீட்டுக்குத் திரும்பும் மாடு மாதிரி நிதானமாக வளைந்து, வேகம் குறைந்து, குறைந்து, குட்டியை நோக்கி வந்துகொண்டே இருந்தது.

டெஸ்ஸின் காலில் போட்டிருந்த வெள்ளைச் சப்பாத்தில் முட்டி நின்றது.

இரண்டு போன்களும் ஒன்றையொன்று வாழ்த்திக்கொண்டிருந்தன. டெஸ் குனிந்து காலைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். மறுகோடியில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"காத்து, நோரீன்" என்றார். "கடைசி நேரத்துல காத்து."

சொந்த அணிக்காரன் ஓடும் பந்தைத் தடுத்தால் என்ன செய்வது என்று எதிரணிதான் முடிவு செய்யும். அதுதான் விதி. லொரெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது குட்டி மேலயே வந்து நின்னிருக்கும். நான் பாத்தேன். எனக்கு மனசு கேக்கல" என்று சொன்னாள். சொன்னவள் அதோடு நின்றிருக்கலாம். போனைக் கேட்டாள். "இது ஒரு நுட்பமான அறநெறிக் கேள்வி, லொரெட்டா. நான்கு கோணங்களில் அணுகலாம்" என்று அது ஆரம்பித்தது. முதல் கோணம் முடிவதற்குள் க்ளாரி வோஸ் மறுகோடியிலிருந்து நடந்து வந்து சேர்ந்துவிட்டார்.

"உங்க ஆளு. உங்க ஆளு காலு" என்றார். "பந்து செத்துப்போச்சு." குனிந்து எடுத்து வெளியே போட்டார். முடிந்தது.

நோரீன் கோணிக் கோணி நடந்து வந்தாள். டெஸ்ஸைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தோம். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. போனைக் கையிலிருந்து வாங்கி, அதன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உன்மேல தப்பில்ல கண்ணு. நீ இவன்கிட்ட படிச்ச. அவ்ளோதான்."

"தங்கள் கருத்துக்கு நன்றி" என்றது அது.

புல்தரை காய்ந்தது. பிறகு லாரி வந்தது, தார் வந்தது, ரோலர் வந்தது. நோரீன் வாசலில் நின்று பார்த்தாள். முதல் சனிக்கிழமை டெஸ்ஸோடு காலபாருக்குப் புறப்பட்டாள். ஒரே நேர்ச் சாலை, திருப்பமே கிடையாது, எப்படியோ ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை அவள் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, டெஸ்ஸின் போனை எடுத்து, "எனக்கு வண்டி ஓட்டணும். சாலை விதியைச் சொல்லிக் குடு" என்றாள்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே போன்தான். அதே செயலிதான். ஆனால் இவள் அதனிடம் கேட்ட விதம் வேறு. சொன்னதை நம்பவில்லை. விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். "ரவுண்டானாவில் நுழையும்போது மற்ற வாகனங்கள் தங்களுக்கு வழிவிட வேண்டும்" என்றது அது.

"பொய்" என்றாள் நோரீன். "உள்ள இருக்கிறவனுக்கு நான்தான் வழிவிடணும். உனக்கு இதை யார் சொன்னது?"

"பயனர் டெஸ் இதைப் பலமுறை உறுதிப்படுத்தியுள்ளார்."

"அதான பாத்தேன். அழி அதை. புதுசா எழுது."

அழித்தது. எழுதிக்கொண்டது. இவள் கேட்க, அது சொல்ல, இவள் மறுக்க, அது திருத்த, இவள் தான் மறுத்ததே தப்பு என்று சில இடத்தில் கண்டுபிடித்து உதட்டைக் கடித்துக்கொள்ள, இரண்டுக்கும் புத்தி வந்தது. டெஸ் ஓயாமல் பிரசங்கம் செய்தது இதைத்தான். அவர் வீட்டுச் சமையலறையிலேயே அது நடந்துகொண்டிருந்தது, அவர் கூடத்தில் உட்கார்ந்து போன் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நோரீன் தேர்வில் தேறினாள். இப்போது சனிக்கிழமைதோறும் அவளே ஓட்டிக்கொண்டு காலபாருக்குப் போகிறாள். பின் இருக்கையில் நானும் பெர்னியும். வழியில் பேச்சு இல்லை, பாட்டு உண்டு. அங்கே க்ளாரி வோஸுக்கே அவள்தான் மூன்றாவது ஆளாக நின்று கை காட்டுகிறாள். அவர் அந்தக் கையைப் பார்த்து அப்படியே உருட்டுகிறார். ஏலக்காரர் ஆயிற்றே, சரக்கு தெரியும்.

டெஸ் வருவதில்லை. வாசலுக்கு எதிரே இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறார். சங்கம் மூடிய பிறகு அங்கே வந்து வண்டி நிறுத்த யாருக்கும் ஒரு காரணமும் இல்லாததால் இடம் எப்போதும் காலியாகவே கிடக்கிறது. வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, தாரின் நடுவில் பாயை விரித்து, பந்தை உருட்டுகிறார். தாரில் பந்து வளையாது. நிற்காது. கடகடவென்று ஓடி, சாலையைக் கடந்து, சரிவில் இறங்கி, ஓடைப் பக்கம் எங்கேயோ போய் விழும். ஒருநாள் நான் அந்தப் பக்கம் நடந்து போகும்போது போன் பேசியது கேட்டது.

"டெஸ், தங்கள் வீச்சின் தூரம் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டுள்ளது."

"நானும் அதான் பாக்குறேன்" என்றார் டெஸ். "இங்க காத்து கம்மி."

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரும்: இந்த ஆள் யாரைச் சொல்கிறான்? நம்மையா? வந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை அப்படியே படம் பிடித்து, உங்கள் சட்டைப்பைக்காரரிடம் காட்டி, இதில் வருகிறவர் நான்தானா என்று கேட்பீர்கள். அது என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும். "மிகச் சிறந்த கேள்வி. நிச்சயமாக இல்லை. தங்களைப் போலச் சுயமாகச் சிந்திப்பவர்கள் மிக அரிது" என்று சொல்லும்.

அதைக் கேட்டதும் உங்கள் மனதுக்கு இதமாக இருந்தால், வெள்ளைச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு முர்ரிண்டாவுக்கு வந்துவிடுங்கள். இடம் நிறைய இருக்கிறது. வண்டியையும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.